சூர் போகிறவர்களுக்கு: ஓமனின் பழைய கப்பல் ஊர் பற்றிக் கேள்வி பதில்

மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். கார் இல்லை. சூருக்குப் போய்வர முடியுமா?

போகலாம். ஓமன் அரசின் முவாசலாத் பேருந்து ஓடுகிறது. சிக்கல் சூருக்குள் இறங்கிய பிறகுதான். மரக்கலம் கட்டும் பட்டறை, மீன் சந்தை, கழிக்கு (கடல்நீர் உள்ளே புகும் நீர்நிலைக்கு) அக்கரையில் இருக்கும் அய்ஜா பகுதி எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வெயிலில் நடந்து தீராது. நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுங்கள். குரியாத் வழியாகக் கடலோரச் சாலையில் சுமார் 200 கி.மீ., இரண்டரை மணி நேரம் வையுங்கள். வேகத்தைப் பிடிக்கும் கேமராக்கள் வழி நெடுக உண்டு.

அண்ணா, வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குப் போனால் என்ன?

கடலைப் பார்க்கலாம், வேலையைப் பார்க்க முடியாது. வெள்ளியன்று பட்டறையில் ஆள் இருப்பது அரிது. நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகளும் மூடிவிடும். சனியும் லீவு கிடைத்தால், வெள்ளி மாலை போய்த் தங்கி, சனி விடியற்காலையில் ஊரைப் பாருங்கள். ரமலான் மாதத்தில் பகலில் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மரக்கலம் கட்டும் பட்டறையில் எதைக் கவனிக்க வேண்டும்? போனவர்கள் 'நாலு பலகை கிடக்கிறது' என்கிறார்கள்.

எந்நேரமும் பெரிய கலம் ஒன்று ஏறி நிற்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இப்போது பழுது வேலையும் சிறு மாதிரிகள் செய்வதுமே மிகுதி. ஆனால் பார்க்கத் தெரிந்தால் அந்த நாலு பலகையும் பேசும்.

முதலில் கட்டும் வரிசை. அடியில் நீளவாக்கில் கிடக்கும் ஏராக்கட்டையை வைத்து, அணியத்துக்கும் (முன்முனைக்கும்) பின்புறத்துக்கும் கட்டைகளை நிறுத்திய பிறகு, பக்கப் பலகைகளைப் பொருத்துவார்கள். வங்குகள், அதாவது கலத்தின் விலா எலும்பு போன்ற கட்டைகள், அதற்கப்புறம் உள்ளே ஏறும். எலும்புக்கூட்டை முழுதாக நிறுத்திவிட்டுப் பலகை அடிக்கும் ஐரோப்பிய முறைக்கு இது நேர் எதிர். மரபுப்படி வரைபடமும் இல்லை; வளைவெல்லாம் தச்சரின் கண்ணளவு. பலகை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த தேக்கு. நேரே ஆணி அடித்தால் தேக்கு பிளந்துவிடும், அதனால் முதலில் துளை போடுவார்கள். ஆணியின் தலைக்கடியில் எண்ணெயில் ஊறிய நாரைச் சுற்றி அடிப்பது நீர் கசியாமலிருக்க. பலகை இடுக்குகளில் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணிப்பார்கள். நம் கரையில் கலப்பத்து அடிப்பது என்கிறோமே, அதேதான். இரும்பாணி வருவதற்கு முன் இக்கடல்களில் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தார்கள்.

கால் கவனம். தரையில் ஆணிகள் கிடக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

எல்லாக் கலமும் ஒன்றுபோலத் தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பின்புறத்தைப் பாருங்கள். இரு முனையும் கூராக இருந்தால் 'பூம்'. பின்புறம் தட்டையாக, செதுக்கு வேலையோடு இருந்தால் 'கன்ஜா' அல்லது 'சம்புக்'. இவ்விரண்டில், அணியத்தின் உச்சியில் மூவிதழ்க் குமிழ் இருப்பது கன்ஜா. சந்தேகமறத் தெரிய, கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபத்ஹ் அல் கைர் கன்ஜாவைப் பாருங்கள். 1951இல் சூரிலேயே கட்டி, பின்னர் யேமனுக்கு விற்கப்பட்டு, 1993இல் ஊர் மக்கள் திரும்ப வாங்கிவந்த கலம் அது. ஊரில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் இதைத்தான் சொல்வேன்.

செப்டம்பரில் வருகிறோம். மீன் சந்தையில் வஞ்சிரம் வாங்கலாமா?

கிடைக்காது. ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை வஞ்சிரத்துக்குப் பிடிதடைக் காலம். அங்கே அதன் பெயர் 'கன்அத்'. சூரை, கேரை எனும் டியூனா மீன் வகைகள் கிடைக்கும். விடிந்ததும் போங்கள். விலை பேசும்போது கிலோவுக்கா, முழு மீனுக்கா என்று முதலிலேயே கேளுங்கள். சண்டை வருவது இதில்தான். 1 ரியால் 1000 பைசா, சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கத் தடை உண்டா?

கலங்களை எடுக்கலாம். ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள், பெண்கள் பக்கம் கேமராவே திருப்ப வேண்டாம். காவல், ராணுவ இடங்கள் கூடவே கூடாது. டிரோனுக்கு முன் அனுமதி வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

அய்ஜாவுக்கு எப்போது போனால் நல்லது?

கடிகாரத்தைவிட ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். வற்றத்தில் கழி வடிந்து படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும், ஏற்றத்தில்தான் மிதக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வேறுபாடு கூடுதல். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், முந்தின நாள் கணக்கை வைத்துப் போகாதீர்கள். மாலை ஏற்றம் அமைந்தால் தொங்குபாலம் தாண்டி, கலங்கரை விளக்கத்தடியில் நின்று ஊரைப் பாருங்கள்.

அதே பயணத்தில் ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைகளையும் பார்க்க முடியுமா?

முடியும், கிழக்கே சுமார் 40 கி.மீ. வழிகாட்டியோடுதான் கடற்கரையில் விடுவார்கள், முன்பதிவு அவசியம். பிளாஷ், டார்ச் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இரவில் திரும்பும்போது சாலையில் ஆடுகளும் ஒட்டகங்களும் குறுக்கே வரும், மெதுவாக ஓட்டுங்கள்.