அப்பா அம்மாவ பெர்லின் மிட்டேக்கு கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி

தம்பி, நீங்க கேட்டிருந்தத அப்பவே பாத்துட்டேன், இப்பத்தான் உக்காந்து பதில் எழுத நேரம் கெடச்சிருக்கு. பெர்லின் வந்து நாலு மாசந்தான் ஆவுது, மே மாசம் அம்பாசமுத்திரத்துல இருந்து அப்பாவும் அம்மாவும் வாராவ, ரெண்டு வாரம் இருப்பாவ, ஊரு நடுவுல இருக்க மிட்டே பக்கம் எங்கெல்லாம் கூட்டிட்டு போலாம், அப்பாவுக்கு மூட்டு வலி, அம்மா சுத்த சைவம், நீங்க படிக்கிற பையன் கையில பணம் கம்மி, அந்த செவப்பு டூர் பஸ்ஸுக்கு பாஸ் எடுத்தா லாபமா? இதான உங்க கேள்வி. நான் இப்ப லீவுக்கு பாளையங்கோட்டைல இருக்கேன், கரண்டு போயி மொட்ட மாடில உக்காந்து போன்ல தட்டுதேன், எழுத்து தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

மொதல்ல டூர் பஸ். எடுக்காதிய. சாதா பஸ்லயே நீங்க மூணு பேரும் சுத்திரலாம். ஸூ ஸ்டேஷன் வாசல்ல 100ஆம் நம்பர் பஸ்ஸு வரும், சாதா டவுன் பஸ்ஸுதான், அனேகமா மாடி பஸ்ஸா இருக்கும், அதுல ஏறி உக்காந்தா வெற்றித்தூண், ஜனாதிபதி மாளிகை, பார்லிமெண்ட், பிராண்டன்பர்க் கேட் பக்கம், உன்டர் டென் லிண்டன் ரோடு, மியூசியம் தீவுன்னு எல்லாத்தையும் காட்டிட்டு அலெக்சாண்டர்ப்ளாட்ஸ்ல கொண்டு விட்டுரும். மொத நாள் எறங்கவே எறங்காதிய, சும்மா கடைசி வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வாங்க, அவியளுக்கு ஊரு எப்பிடி கெடக்குன்னு ஒரு அமைப்பு புரிஞ்சிரும். அப்பாவுக்கு மாடி ஏற முடியாட்டா கீழ முன் சீட்டே போதும். டிக்கெட்டுக்கு ஊர ஏ, பி, சின்னு மூணு ஸோனா பிரிச்சிருக்காவ, அவியளுக்கு ஏ பி ஸோனுக்கு ஏழு நாள் டிக்கெட் ரெண்டு வாட்டி எடுத்துக் குடுங்க, ஏர்போர்ட் மட்டும் சி ஸோன்ல வருது, வார அன்னைக்கும் போற அன்னைக்கும் தனியா பாத்துக்கிடணும். காகித டிக்கெட்டுன்னா அந்தச் சின்னப் பெட்டில சொருகி முத்திரை குத்தாம ஏறிராதிய, டிக்கெட் கையில இருந்தாலும் குத்தலன்னா 60 யூரோ அபராதம், நாங்க வெளியூருன்னு சொன்னாலும் கேக்க மாட்டான்.

இன்னைக்கே செய்ய வேண்டிய வேல ஒண்ணு இருக்கு. பார்லிமெண்ட் கட்டடம், ரைக்ஸ்டாக், அதுக்கு மேல இருக்க கண்ணாடி குவிமாடத்துக்கு ஆன்லைன்ல பதிஞ்சிருங்க. ஒத்த பைசா கெடையாது, ஆனா மே மாசத்துக்கு எடம் வெரசா நெறஞ்சிரும். லிஃப்ட்ல மேல கொண்டு போயிருவாவ, குவிமாடத்துக்குள்ள படியே கெடையாது, சுத்திச் சுத்தி ஏறுற சாய்வுப் பாதைதான், மூட்டு வலிக்காரவியளும் பைய ஏறிரலாம். ஃபாரம்ல பேரு போடுததுதான் நம்மளுக்கு தலவலி. முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம் கேப்பான், நம்ம ஆளுவ பாஸ்போர்ட்ல இனிஷியல் ஒரு எடத்துல இருக்கும், அப்பா பேரு ஒரு எடத்துல இருக்கும், சிலருக்கு குடும்பப் பேரு கட்டமே காலியா கெடக்கும். நீங்களா அழகுபடுத்தி எழுதாதிய, பாஸ்போர்ட்ல என்ன எழுத்து இருக்கோ அத அப்பிடியே போடுங்க, வாசல்ல செக்யூரிட்டிக்காரன் ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் உள்ள விடுவான். பாஸ்போர்ட் ஒரிஜினல் எடுத்துக்கிடுங்க, ஜெராக்ஸ் செல்லாது.

நீங்க குடுத்து விட்ட பார்சல குடுக்க போன வாரம் அம்பைக்கு போயிருந்தம்லா, அப்ப உங்க அப்பா கிட்ட செத்த நேரம் பேசிட்டு இருந்தேன். ரிட்டயர்டு வாத்தியாருன்னு நீங்க சொல்லவே இல்லையே. டிவி டவரு, கேட்டுன்னு ஒண்ணும் கேக்கல, "அந்தச் சொவரு இன்னும் கொஞ்சமாச்சும் நிக்கா?"ன்னு மட்டுந்தான் கேட்டாவ. கிழக்கையும் மேற்கையும் பிரிச்ச பெர்லின் சொவரு 1989ல விழுந்தப்ப பேப்பர்ல வந்த படத்த கிளாஸ்ல பையமாருக்கு காட்டுனாவளாம். அதனால நீங்க போட்ட லிஸ்ட்ல மாத்தம் பண்ணுங்க, செக்பாயிண்ட் சார்லிய அடிச்சிருங்க. அங்க நிக்கது பழைய எல்லைச் சாவடியே இல்ல, பெறகு செஞ்சு வச்ச நகல், சுத்தி பொம்மக் கடையும் பர்கர் கடையுந்தான். அதுக்கு பதிலா பெர்னாவர் ஸ்ட்ராஸ போங்க. எம்10 டிராம் அந்த ரோட்டு வழியே போவுது, சொவரு நினைவிடத்துக்குன்னே ஸ்டாப் இருக்கு, ஏற எறங்க தரையோட தரையா இருக்கும்.

அந்த ரோட்டுல ஒரு ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு பழைய எல்லைய அப்பிடியே திறந்தவெளி நினைவிடமா விட்டு வச்சிருக்காவ, காசு கெடையாது. 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி எல்லைய அடச்சப்ப இந்தத் தெருவுல ஒரு வினோதம், வீடு கிழக்கு பெர்லின், வீட்டு வாசல் நடைபாதை மேற்கு பெர்லின். ஜன்னல்ல எட்டிப் பாத்தா தல வெளிநாட்டுல இருக்கும். மொதல்ல வாசல அடச்சான், பெறகு ஜன்னல செங்கல் வச்சு அடச்சான், அதுக்குள்ள மேல் மாடில இருந்து குதிச்சவங்க கொள்ள பேரு, கீழ தீயணைப்பு ஆளுவ விரிப்ப பிடிச்சிட்டு நின்னாவ, தப்பிச்சவங்களும் உண்டு, செத்தவங்களும் உண்டு. இப்ப சொவரு இல்லாத எடத்துல துருப்பிடிச்ச இரும்புக் கம்பிய வரிசையா நட்டு வச்சிருக்காவ, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்கலாம், நடுவுல புகுந்தும் போலாம். சின்னப் பிள்ளைய அதுக்குள்ள ஓடிப் பிடிச்சி வெளையாடும்.

அம்மாவுக்கு அங்க பிடிக்கப் போறது வேற. பாதி தூரத்துல ஒரு சின்ன சர்ச் இருக்கு, சமாதான சேப்பல்னு சொல்லுவாவ. எல்லைக்கு நடுவுல மாட்டிக்கிட்ட பழைய பெரிய சர்ச்ச 1985ல வெடி வச்சு தகத்துட்டானுவ, அதே எடத்துல 2000த்துல இத கெட்டுனாவ, மண்ண கொட்டி இடிச்சு இடிச்சு எழுப்புன சொவரு. கிட்ட போயி பாருங்க, பழைய சர்ச்சோட ஓட்டுச் சில்லும் செங்கல் துண்டும் அந்த மண்ணுக்குள்ளயே புதஞ்சு வெளிய தெரியும். வெளிய மரச்சட்டம் வேலி மாதிரி நிக்கும், உள்ள குளுகுளுன்னு இருக்கும். பக்கத்துலயே ரை தானியம் வெதச்சு ஒரு துண்டு வயலு, மே மாசம் பச்சையா நிக்கும். துப்பாக்கியோட காவல் நின்ன எடத்துல இப்ப பயிரு நிக்கு. அங்க பெஞ்சு உண்டு, ஒரு மணி நேரம் உக்காந்தாலும் ஒருத்தரும் எந்திரின்னு சொல்ல மாட்டாவ. எதுத்தாப்புல தகவல் மையத்துல பார்வைக் கோபுரம் இருக்கு, எல்லை முழுசா எப்பிடி இருந்துச்சோ அத ஒரு துண்டு அப்பிடியே கீழ காட்டும். திங்கக்கிழமை அது லீவு. திரும்பையில நார்ட்பான்ஹாஃப் ஸ்டேஷன்ல எறங்கிப் பாருங்க, ரயில் நிக்காம கடந்து போன பேய் ஸ்டேஷன்களப் பத்தி போர்டு வச்சிருக்காவ, மேற்கு ரயிலு கிழக்குக்கு அடியில போயி மேற்குலயே வெளிய வரும், நடுவுல இருக்க ஸ்டேஷன்ல இருட்டுல போலீஸ்காரன் மட்டும் நிப்பான், இருபத்தெட்டு வருஷம் அப்பிடியே. வாத்தியாருக்கு இந்த ஒரு எடமே போதும்.

மியூசியம் தீவு. யூடியூப் பாத்துட்டு பெர்கமான் மியூசியம் போணும்னு அம்மா சொன்னா முன்னாடியே சொல்லிருங்க, 2023 அக்டோபர்ல இருந்து முழுசா மூடி வேல நடக்குது, அந்த நீலக் கலர் பாபிலோன் வாசல் இருக்க பக்கமெல்லாம் 2037ன்னு சொல்லியிருக்காவ, நம்ம ஊரு பாலம் வேலையே தேவலன்னு தோணும். காசு குடுத்து ஒரே ஒரு மியூசியம்னா நொயஸ் மியூசியம். எகிப்து ராணி நெஃபர்டிட்டி சிலை அங்கதான், 1912ல தோண்டி எடுத்தது, ஒரு கண்ணு இல்லாம தனி அறையில நிக்கும், அந்த அறையில மட்டும் போட்டோ எடுக்க விட மாட்டான். கட்டடத்தையும் பாருங்க, குண்டு விழுந்து கிழிஞ்சு கெடந்தத பழுது பாத்து 2009ல திறந்தாவ, தூண்ல காயத்த பூசி மறைக்காம அப்பிடியே விட்டுட்டாவ. பை பெருசா இருந்தா லாக்கர்ல வைக்கச் சொல்லுவான், சில்லறை வச்சுக்கிடுங்க.

இனி நம்ம ஊரு சங்கதிக்கு வாரேன். ஆதிச்சநல்லூர்ல, திருச்செந்தூர் போற வழில பரம்புன்னு கெடக்குல்லா, அங்க மொதல் மொதல்ல 1876ல தோண்டுனது ஜாகர்னு ஒரு பெர்லின்காரரு. தாழியில இருந்த சட்டி பானை, இரும்புக் கத்தி, கோடாலி, மண்டை ஓடு, எலும்புன்னு அள்ளிட்டு பெர்லின் மக்கள் இனவியல் மியூசியத்துக்கு கொண்டு வந்துட்டாரு. வெள்ளக்காரன் அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டுனதெல்லாம் அதுக்கு பெறகுதான், அது மெட்ராஸ் மியூசியம் போயிட்டு. அந்த பெர்லின் மியூசியந்தான் இப்ப ஹம்போல்ட் ஃபோரத்துல மேல் மாடில இருக்கு, நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கெடையாது, செவ்வாக்கிழமை லீவு. ஆனா நம்ம தாழி கண்ணாடிப் பெட்டிக்குள்ள கண்ணு முன்னாடி நிக்கும்னு அப்பா கிட்ட ஆச காட்டிராதிய. அந்த மியூசியத்துக்கு சொந்தம் ஒரு அஞ்சு லட்சம் சாமான், ஹம்போல்ட்ல வச்சிருக்கது ஆசியக் கலை மியூசியத்தையும் சேத்தே இருவதாயிரம் போல, மிச்சமெல்லாம் டாலெம் பக்கம் டிப்போவுல தூங்குது. ஆதிச்சநல்லூர் சேகரிப்பப் பத்தி கேட்டு இப்பவே ஒரு மெயில் போட்டு வைங்க, உங்க யுனிவர்சிட்டி மெயில்ல இருந்து போட்டா மரியாதையா பதில் வரும். போறதுக்கு முன்னாடி அப்பா ஊர்ல ஆதிச்சநல்லூர ஒரு எட்டு பாத்துட்டு வந்தா இன்னும் நல்லது, 2023ல இருந்து தோண்டுன குழி மேலயே கண்ணாடி போட்டு தாழிய இருந்த எடத்துலயே காட்டுதாங்க, அம்பைல இருந்து காலைல கெளம்புனா சாயங்காலம் வீடு.

அந்த ஹம்போல்ட் ஃபோரம் கட்டடக் கதையும் வேடிக்கைதான். ராஜா அரண்மனை இருந்துச்சு, போர்ல அடி வாங்குனத கிழக்கு ஜெர்மனி 1950ல இடிச்சுது, பெறகு அதே எடத்துல அவன் மக்கள் மாளிகைன்னு ஒண்ணு கெட்டுனான், ரெண்டு ஜெர்மனியும் சேந்த பெறகு அதையும் இடிச்சிட்டு மறுபடி பழைய அரண்மனை மூஞ்சியவே ஒட்ட வச்சு கெட்டியிருக்காவ. எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்காது, புதுச் சாமானுக்கு பழசு மாதிரி பெயிண்ட் அடிச்சாப்புல இருக்கும். ஆனா வயசானவியள கூட்டிட்டு போக மிட்டேல அத விட வசதியான எடம் இல்ல, லிஃப்ட் இருக்கு, நல்ல கக்கூஸ் இருக்கு, உக்கார எடம் இருக்கு, மொட்ட மாடிக்கு சின்ன டிக்கெட்ல போயி ஊரையே பாத்துரலாம். அதனால டிவி டவருக்கு அம்புட்டு காசு போடாதிய, 368 மீட்டர் டவர கீழ நின்னு அண்ணாந்து பாத்தாலே போதும், அது மேல ஏறிட்டா அது மட்டும் தெரியாதுல்லா. வெளிய வரும்போது செவப்புக் கல்லுல சாஞ்சி ஸ்தூபி வாசலோட நகல் நிக்கும், அம்மா கண்டிப்பா போட்டோ கேப்பாவ.

அங்கேருந்து பத்து நிமிஷ நடைல பேபல்ப்ளாட்ஸ். தரையில ஒரு கண்ணாடிச் சதுரம் பதிச்சிருக்கும், குனிஞ்சு பாத்தா அடியில வெள்ள வெளேர்னு காலி புத்தக அலமாரி. 1933 மே 10 ராத்திரி நாஜி மாணவனுவ இருவதாயிரம் புஸ்தகத்த எரிச்ச எடம் அது, அத்தன புஸ்தகம் கொள்ளுற அளவுக்கு அலமாரிய காலியா வச்சிருக்காவ. பகல்ல வெயிலு கண்ணாடில பட்டு ஒண்ணும் தெரியாது, பொழுது சாயையில போங்க. நாஜிக கொன்ன யூதர் நினைவிடம் பிராண்டன்பர்க் கேட்டுக்கு பக்கத்துலதான், 2711 கான்கிரீட் தூணு, உள்ள போவப் போவ தரை தாழ்ந்து தூணு தலைக்கு மேல போயிரும். அது மேல ஏறி உக்காந்து செல்ஃபி எடுக்கிறது அங்க ரொம்பத் தப்பு, அம்மா கால் வலிக்குன்னு உக்காந்துருவாவ, மொதல்லயே மெதுவா சொல்லி வைங்க. கேட்டு, சதுக்கம், அதெல்லாம் போற வழில பாத்துக்கிடலாம், அங்க கையெழுத்து போடச் சொல்லி அட்டையோட வார பிள்ளைய கிட்ட மட்டும் நிக்காதிய, பை பத்திரம்.

ஒரு நாளைக்கு ஒரு எடம், மிஞ்சிப் போனா ரெண்டு. மூணாவது எடம் போட்டா நடு ரோட்டுல சண்ட வரும், எங்க வீட்டுல வந்திருக்கு.

சாப்பாட்டுக்கு கடைய நம்பாதிய. பொடி தடவுன இட்லியோ புளியோதரையோ டப்பால கெட்டிக்கிட்டு போங்க, டீர்கார்ட்டன் பூங்கா புல்லுலயோ தீவு முன்னாடி புல்வெளிலயோ உக்காந்து சாப்பிட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வெட்டிங், மொவாபிட் ரெண்டும் மிட்டேக்குள்ளதான் வருது, அங்க துருக்கிக் கடைல கத்தரிக்கா, புதினா, கொத்தமல்லி எல்லாம் கெட்டு கெட்டா மலிவா கிட்டும், அம்மாவ அங்க விட்டா மியூசியத்த விட சந்தோஷப்படுவாவ. ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் அடைப்பு, சனிக்கிழமையே பாலு தயிரு வாங்கிருங்க, மறந்துட்டா பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்க கடைதான் கதி. குழாத் தண்ணிய அப்பிடியே குடிக்கலாம், இத அப்பா நம்ப மாட்டாவ, காய்ச்சித்தான் குடிப்பாவ, சவத்த விடுங்க, காய்ச்சிக் குடுத்துருங்க.

மே மாசம் ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். சாயங்கால வெளக்கு எப்ப ஏத்தன்னு அம்மா கேப்பாவ, எங்க அம்மா ஆறு மணிக்கு ஜன்னல் திரைய இழுத்து மூடிட்டு ஏத்துவாவ. வெளிச்சம் இருக்கேன்னு ஸ்வெட்டர விட்டுட்டு போயிராதிய, சாயங்காலம் காத்து வாங்கும்.

கோவிலுக்கு மிட்டேய விட்டு வெளிய வரணும், பிரிட்ஸ்ல மயூரபதி முருகன், யூ 7 ரயில்ல ப்ளாஷ்கோ ஆலே ஸ்டேஷன். ஈழத்துச் சனங்க நடத்துத கோவில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசைக்கு வாங்க. நான் ஏப்ரல் கடைசில திரும்பிருவேன், அப்பாவுக்கு மூட்டு ரொம்ப வலிச்சா எங்க வீட்டுல மடக்கு நாற்காலி ஒண்ணு சும்மா கெடக்கு, தோள்ல தொங்கப் போடலாம், வந்து எடுத்துக்கிடுங்க.