மூன்றேகால் நிமிடப் பாட்டு
இந்தித் திரையிசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1940, 50-களின் இந்திப் பாடல்கள் பெரும்பாலும் மூன்று, மூன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அன்றைய ரசனையே அவ்வளவுதானா?

ரசனை அல்ல, அரக்கு! அன்றைய இசைத்தட்டு அரக்கு கலந்து வார்த்த 10 அங்குலத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மிஞ்சிப்போனால் மூன்றேகால், மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். முன்னிசை எவ்வளவு, எத்தனை சரணம், நடுவில் வயலினுக்கு எத்தனை விநாடி என்று மெட்டுப் போடும்போதே கணக்குப் பார்த்தாக வேண்டும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடும் பாட்டில் தட்டுக்காக ஒரு சரணத்தைத் தூக்கிவிடுவார்கள். தூக்க மனமில்லாவிட்டால் தட்டின் முதல் பக்கத்தில் பாதி, மறுபக்கத்தில் மீதி.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஆரம்ப காலத்தில் படத்துக்காக ஃபிலிமில் ஒருமுறை பாடிவிட்டு, தட்டுக்காகக் கம்பெனி ஸ்டூடியோவில் திரும்பவும் பாடுவது வழக்கம். ஆகவே ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளில் வேகம் மாறும், வாத்தியம் மாறும், சில பாடல்களில் பாடகரே மாறுவார். பழைய பாட்டை யாராவது அனுப்பினால் அது படத்திலிருந்து எடுத்ததா, தட்டிலிருந்து எடுத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: இந்தியில் பின்னணி பாடும் முறை எப்போது வந்தது? அதற்கு முன் நடிகர்களே பாடினார்களா?

அவர்களேதான் பாடினார்கள், அதுவும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே. 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியான முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வில் ஏழு பாடல்கள். வாத்தியக்காரர்கள் சில பேர், கேமராவின் கண்ணில் படாமல் ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நடிகர் மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் போய்விடும் என்பதால் பாட்டு முடியும்வரை நின்ற இடத்திலேயே நிற்பார். அந்தக் காலப் பாடல் காட்சிகள் கட்டிப்போட்டதுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம். படத்தின் பிரதி அழிந்துவிட்டது, பாடல்கள் தட்டிலும் வரவில்லை. அந்த ஏழு பாட்டையும் இன்று யாரும் கேட்க முடியாது.

பாட்டை முன்கூட்டியே பதிந்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, நடிகரை வாயசைக்க வைக்கும் முறை 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸின் 'தூப் சாவ்ன்' படத்தில் வந்தது. இயக்கம் நிதின் போஸ், இசை ஆர்.சி. போரால். அப்படியும் பாடி நடிப்பவர்களின் மவுசு உடனே குறையவில்லை. 1947-இல் கே.எல். சைகல் மறைந்தார்; அதே ஆண்டு நூர்ஜஹான் பாகிஸ்தானுக்குப் போனார். அதன் பிறகுதான் பின்னணிப் பாடகர்களின் ராஜ்யம் முழுமையாகத் தொடங்கியது. அதிலும் 1949-இல் 'மஹல்' பாடல் தட்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்றுதான் அச்சானது. காமினி படத்தின் கதாபாத்திரம். பாடியவர் லதா மங்கேஷ்கர்.

கேள்வி: இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார். நடுவில் வரும் வயலின், சாக்ஸபோன் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்?

அதை எழுதுகிறவர் அரேஞ்சர். பழைய இந்திப் பாட்டின் அழகில் பாதிக்கு மேல் இவர் கைவண்ணம். டைட்டிலில் 'உதவியாளர்' என்று ஒரு வரியில் போயிருப்பார், சில படங்களில் அதுவும் இருக்காது.

நடந்தது இப்படித்தான். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார். சிதார், ஷெனாய், புல்லாங்குழல்காரர்கள் ஸ ரி க ம எழுதிக்கொண்டோ கேட்டே மனப்பாடம் செய்தோ வாசித்துவிடுவார்கள். ஆனால் முப்பது வயலின்காரர்கள் ஒரே நேரத்தில் வேறுவேறு வரிகளை வாசிக்க வேண்டுமானால் மனப்பாடம் எடுபடாது, ஐரோப்பிய முறையில் ஸ்வரக்குறிப்பு வேண்டும். அது கைவசம் இருந்தவர்கள் கோவாக்காரர்கள். போர்ச்சுகீசிய ஆட்சியில் தேவாலயப் பள்ளிகளில் சிறுவயதிலேயே ஸ்வரக்குறிப்பும் வயலினும் கற்று, பம்பாய்க்கு வந்து ஹோட்டல் ஜாஸ் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். செபாஸ்டியன் டிசூசா, ஆண்டனி கொன்சால்வ்ஸ், சிக் சாக்லேட், ஃபிராங்க் ஃபெர்னாண்ட் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். 1977-இல் 'அமர் அக்பர் ஆண்டனி' பாட்டில் வரும் ஆண்டனி கொன்சால்வ்ஸ் என்ற பெயர், தனக்கு வயலின் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு இசையமைப்பாளர் பியாரேலால் செய்த மரியாதை.

அரேஞ்சரின் வேலை முன்னிசை, இடையிசையோடு முடிவதில்லை. சங்கர்–ஜெய்கிஷன் பாட்டு ஒன்றை ஹெட்போனில் கேளுங்கள். பல்லவி பாடும்போது குரலை விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஓடும் வயலின்களை மட்டும் பிடியுங்கள். பாடகர் ஒரு ஸ்வரத்தில் நீட்டி நிற்கும் இடத்தில் அவை நகரும், பாடகர் நகரும்போது அவை நிற்கும். மெட்டோடு மோதாமல் மெட்டுக்கு எதிராக ஓடும் இந்த இரண்டாவது மெட்டில் செபாஸ்டியன் கெட்டிக்காரர்.

ஒலிப்பதிவு ஒரே ஹாலில், ஒரே மூச்சில். நாலைந்து மைக்தான் இருக்கும். சத்தம் கூடினால் வாத்தியக்காரரின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஆகாசவாணி சினிமாப் பாட்டைத் தடை செய்தது உண்மையா?

தடை உத்தரவு என்று ஒன்று போட்டதைவிட, நடைமுறையில் தடை என்பது பொருத்தம். 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு ஆகாது. நேரத்தைக் குறைத்தார், படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். தயாரிப்பாளர்கள் பாட்டை ஒலிபரப்பக் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இலங்கை வானொலிக்கு அடித்தது யோகம். அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானி குரலில் 'பினாகா கீத்மாலா' தொடங்கி, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வட இந்தியாவை ரேடியோ முன் உட்கார வைத்தது. இலங்கைத் தமிழ் ஒலிபரப்பின் மகிமை தெரிந்த நம் வாசகர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி ஆகாசவாணி வழிக்கு வந்தது.

கேள்வி: பாட்டைக் கேட்டவுடன் இசையமைப்பாளர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

நூற்றுக்கு நூறு முடியாது, ஆனால் அடையாளங்கள் உண்டு. குதிரைக் குளம்படி போன்ற தாளம், துள்ளலான மெட்டு, ஆஷா போஸ்லே அல்லது கீதா தத் குரல் என்றால் ஓ.பி. நய்யரை நினைக்கலாம். லதா குரல் என்றால் அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், அவர் இசையில் லதா பாடியதே இல்லை. ராகத்தின் சாயல் துலக்கமாக, வாத்தியக்குழு பெரிதாக, ஆனால் குரலுக்கு வழிவிட்டு நின்றால் நௌஷாத். எதிர்பாராத இடத்தில் தாவும் மெட்டு, அடியில் மேற்கத்திய ஹார்மனி என்றால் சலில் சவுத்ரி. ஒரு மொசார்ட் சிம்ஃபொனியின் தொடக்கத்தையே அவர் 1961-இல் 'சாயா' படத்துக்கு டூயட் ஆக்கினார்.

வாத்தியம் என்று யாரும் நினைக்காத பொருள் தாளம் போட்டால் ஆர்.டி. பர்மன். 'படோசன்' (1968) படத்தில் சீப்பைத் தேய்க்கும் ஒலி, 'யாதோன் கி பாராத்' (1973) படத்தில் கண்ணாடி டம்ளரைத் தட்டும் ஒலி, 'ஷோலே' (1975) படத்தில் பாட்டில் வாயில் ஊதும் ஒலி. இதெல்லாம் வேடிக்கைக்காகச் செய்ததல்ல. 60-களின் பிற்பகுதியில் மைக்கும் டேப்பும் மேம்பட்டுவிட்டன. இருபது வருடம் முன்னால் அந்த டம்ளர் ஒலி வாத்தியக்குழுவின் இரைச்சலில் அமுங்கிப் போயிருக்கும்.

கேள்வி: 80-களில் இந்திப் பாட்டு விழுந்துவிட்டது என்கிறார்களே?

அமிதாப் காலத்து அடிதடிப் படங்களில் பாட்டுக்கு இடம் குறைந்தது உண்மை. ஆனால் கதையின் மறுபாதி கேசட். அதற்கு முன் தட்டு வாங்கப் பணமும் வேண்டும், சந்தையும் ஓரிரு கம்பெனிகளின் கையில் இருந்தது. கேசட்டை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், பெட்டிக்கடையிலும் விற்கலாம். குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் கேசட் கம்பெனி இதில்தான் வளர்ந்தது. பழைய பாட்டை வேறு பாடகர் குரலில் பாடவைத்து மலிவாக விற்க அன்றைய காப்புரிமைச் சட்டத்தில் இடம் இருந்தது. சோனு நிகம் போன்றவர்கள் அந்தப் பாதையில் வந்தவர்களே. போதாததற்கு முகேஷ், ரஃபி பாடல்கள் மேல் எலெக்ட்ரானிக் டிரம்ஸை ஏற்றி 'ஜன்கார் பீட்ஸ்' என்று விற்றார்கள். அதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல நம்மால் ஆகாது!

கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம் ஓடும். மூன்றேகால் நிமிடக் கட்டு அறுந்தது, ஆறு நிமிடப் பாட்டு சாதாரணமானது. 1990-இன் 'ஆஷிகி' முழுக்க முழுக்கக் கேசட் யுகத்தின் படம். 1994-இல் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' பதினான்கு பாடல்களோடு வந்தது. அதன் நாயகக் குரல் நம் எஸ்.பி. பாலசுப்ரமணியம்.

கேள்வி: ஏ.ஆர். ரஹ்மான் இந்தியில் அப்படி என்ன மாற்றினார்?

பல ட்ராக்கில், அதாவது குரலையும் வாத்தியங்களையும் தனித்தனித் தடங்களில், பதிவது அவருக்கு முன்பே பம்பாயில் இருந்தது. மாறியது வேலையின் வரிசை. பழைய முறையில் மெட்டு, வரி, வாத்தியம் எல்லாம் முடிவான பிறகே ஸ்டூடியோ. ரஹ்மான் தன் சொந்த ஸ்டூடியோவில் தாளத்தையும் சுருதியையும் மட்டும் போட்டு, பாடகரைப் பலவிதமாகப் பாடச்சொல்லி, பதிந்ததிலிருந்து பொறுக்கி எடுத்துப் பாட்டைக் கட்டினார். கால்ஷீட் கணக்கு இல்லை, நூறு பேர் காத்திருக்கவில்லை. 'ரங்கீலா' (1995) அவரது முதல் நேரடி இந்திப் படம். அதை நல்ல ஸ்பீக்கரில் கேட்டு, அதே காலத்து வேறு படத்தோடு ஒப்பிட்டால் முதலில் காதில் படுவது பேஸ். கீழ் ஸ்தாயி ஒலி அத்தனை தெளிவாக இந்திப் பாட்டில் அதற்கு முன் அபூர்வம். வாத்தியக்காரர்களின் பெயரைக் கேசட் அட்டையில் போட்டதும் அவர் செய்த நல்ல காரியம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்ததில் அன்றாடம் வேலை இழந்த வயலின்காரர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: வீட்டில் அப்பா காலத்து 78 தட்டுகள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

முதலில் செய்யக் கூடாதவை. பழைய சாவி கிராமபோனில் போடாதீர்கள். அதன் இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டியது. தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும். ஸ்பிரிட், ஆல்கஹால் எதையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். மென்மையான பிரஷ்ஷால் வரிப்பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் நீரில் அலசி, நிமிர்த்தி வைத்து நிழலில் உலர்த்துங்கள். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது.

78 வேகம் உள்ள டர்ன்டேபிள் வேண்டும். ஊசியும் அதற்கென்றே உள்ளதாக, முனை 3 மில் அகலத்தில் இருக்க வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பலர் தவறுவது இங்கேதான். பிற்கால வினைல் தட்டான எல்.பி.க்கு உரிய ஊசியின் முனை 0.7 மில், அது 78-இன் அகன்ற பள்ளத்தில் அடிவரை இறங்கி, அங்கே படிந்த அழுக்கைத்தான் வாசிக்கும். 'தட்டு கெட்டுப்போச்சு' என்று தூக்கிப்போடும் பல தட்டுகள் ஊசியை மாற்றினால் நன்றாகவே பாடும்.

பதியும்போது ஸ்டீரியோவிலேயே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, பிறகு இடது, வலது தடங்கள் இரண்டையும் கூட்டி மோனோ (ஒற்றைத் தடம்) ஆக்குங்கள். 78-இல் பாட்டு ஊசியின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேல்கீழ் அசைவு வெறும் இரைச்சல், கூட்டும்போது அது கழிந்துவிடும். முதல் பதிவை அப்படியே பத்திரப்படுத்தி, இரைச்சல் நீக்குவதை நகலில் செய்யுங்கள். சாரங்கியின் உராய்வும் புல்லாங்குழலின் மூச்சும் மறையத் தொடங்கினால் நீக்கியது அதிகம் என்று பொருள்.

எல்லாத் தட்டும் சரியாக 78-இல் வெட்டப்பட்டதல்ல. 78-இல் வெட்டியதை 80-இல் ஓட்டினால் சுருதி, அரைக்கட்டையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். பாடகர் குரல் வழக்கத்தைவிடக் கீச்சென்று இருந்தால் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: அப்படி ஏற்றியதை இணையத்தில் போடலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி. எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1951-இல் வந்த 'ஆவாரா' படத்தின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் உரிமை 2011-உடன் முடிந்தது. எழுதிய சைலேந்திரா மறைந்தது 1966, வரிகளின் உரிமை 2026 முடிய. மெட்டு சங்கர், ஜெய்கிஷன் இருவருடையது; கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டுதான் கணக்கு. சங்கர் மறைந்தது 1987, ஆக 2047 முடியக் காத்திருக்க வேண்டும். வீட்டில் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.