சோவாவே ஒயின்: வாசகர் கேள்விகள்

'சோவாவே', 'சோவாவே கிளாசிக்கோ' என்று இரண்டு விற்கிறார்கள். எதை வாங்குவது?

கிளாசிக்கோவை வாங்குங்கள். இத்தாலியில் வெரோனாவுக்குக் கிழக்கே, சோவாவே, மோன்தேபோர்தே தல்போனே ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள குன்றுகள்தான் இந்த வெள்ளை ஒயினின் பூர்வீகம். 1931-லேயே அதற்கு எல்லை வகுத்துவிட்டார்கள். அந்த எல்லைக்குள் விளைந்ததுதான் கிளாசிக்கோ. 1968-ல் டி.ஓ.சி. என்னும் பாதுகாக்கப்பட்ட அந்தஸ்து கிடைத்தபோது கீழே இருக்கும் சமவெளியும் உள்ளே வந்துவிட்டது. இந்த ஒயினுக்கு முக்கியமான திராட்சை கார்கானேகா. அது இயல்பிலேயே அமோகமாகக் காய்க்கும். வளமான சமவெளி மண்ணில் அதைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் சாறு நீர்த்துப்போகும். சோவாவே என்றாலே சப்பென்று இருக்கும் என்ற கெட்ட பெயர் அப்படி வந்ததுதான். எரிமலைப் பாறை மண்ணில், குன்றுச் சரிவில் விளைந்ததைக் குடித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

முழுக்க ஒரே திராட்சையா?

குறைந்தது 70 சதவீதம் கார்கானேகா இருக்க வேண்டும். மீதிக்கு ட்ரெபியானோ தி சோவாவே, ஷார்டனே சேர்க்கலாம். முழுக்க கார்கானேகாவிலேயே செய்பவர்களும் உண்டு. என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

குடித்து முடித்ததும் லேசாகக் கசக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, பயப்படாதீர்கள். முதலில் எலுமிச்சை, பேரிக்காய் வாசம், கடைசியில் பாதாம் பருப்பைத் தோலோடு கடித்தது போன்ற மெல்லிய கசப்பு. கார்கானேகாவின் அடையாளமே அதுதான். வினிகர் நெடியோ நனைந்த அட்டை வாடையோ அடித்தால் மட்டும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

எவ்வளவு குளிர்ச்சியாகப் பரிமாற வேண்டும்?

10 முதல் 12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசம் எழும்பாது.

இதே ஊரில் இனிப்பு ஒயினும் உண்டாமே?

உண்டு. ரெச்சோதோ தி சோவாவே. நன்றாகப் பழுத்த கொத்துகளாகப் பார்த்துப் பறித்து, காற்றோட்டமான பரணில் தட்டுகளில் பரப்புவார்கள், அல்லது கயிற்றில் தொங்கவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க அப்படியே வாடும். தண்ணீர் வற்றிச் சர்க்கரை செறிந்த பிறகுதான் பிழிவார்கள். இடையில் அழுகிய பழத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் சாறு கொஞ்சம்தான். விலை அதிகம் என்று குறைப்பட வேண்டாம். 1998-ல், வெரோனா இருக்கும் வெனேதோ மாநிலத்திலேயே முதலில் டி.ஓ.சி.ஜி. என்ற மேல்நிலை அந்தஸ்து பெற்றது இந்த ஒயின்தான். சாப்பாட்டுக்கு நடுவே வேண்டாம். கடைசியில், வெரோனாவின் பண்டோரோ கேக்கோடு ஒரு சின்ன கிளாஸ் போதும்.