தும்பைக்கு உரம் வேண்டாம்: வாசகர் கேள்வி-பதில்

தும்பை விதை தூவி, அரை அங்குலம் மண் போட்டு மூடி ஒரு மாதம் ஆகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லையே?

எந்த மாதம், எவ்வளவு வெயில் என்று எழுதவே இல்லை. அரை அங்குலம் மண் போட்டு மூடியதாக எழுதியிருக்கிறீர்கள்; அதுவே காரணம். கடுகளவு விதைக்கு அத்தனை மண் தாங்காது. ஐப்பசி மழையில், ஒரு கை காய்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்துங்கள். மூட வேண்டாம்.

செடி தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் குறைவு.

நிழல், இல்லையென்றால் சாணி உரம். இரண்டையும் விலக்குங்கள். ஆறு மணி நேர வெயில் போதும்.

பொங்கலுக்கு வாசலைச் சுத்தம் செய்யக் களைக்கொல்லி அடிக்கலாமா? தும்பை பிறகு தானே வந்துவிடும் அல்லவா?

அடிக்காதீர்கள். ஆண்டுதோறும் மார்கழியில் இதே கேள்வி வருகிறது. தும்பைப் பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: தேனீ கீழிதழில் கால் ஊன்றித் தலையை உள்ளே விடும்; மயிரடர்ந்த மேலிதழுக்கு அடியிலிருக்கும் மகரந்தம் அதன்மேல் படியும். மழை முடிந்த அந்த நேரத்தில்தான் கொசுத்தேனீ, அடுக்குத்தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் அங்கே மொய்க்கும். விதை பழுக்குமுன் செடியைக் கருக்கினால் அடுத்த ஆண்டுக்கு விதையும் இல்லை. வெறும் மண்ணை முதலில் பிடிப்பது பார்த்தீனியமும் கோரையும்தான். கோரைக்கிழங்கு மண்ணுக்குள் பிழைத்துக் கிடக்கும். நடைபாதைக்கு இரண்டடி அகலம் அரிவாளால் அறுங்கள். ஓரத்தில் நாலடிக்கு நாலடி விட்டுவையுங்கள். பூங்கொத்து பழுப்பாகிக் காய்ந்ததும் காகிதத்தின்மேல் தலைகீழாகத் தட்டினால் விதை உதிரும். அதன்பின் செடியை அறுக்கலாம். களைக்கொல்லி, பூச்சிமருந்து எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நான் அனுப்பிய படத்திலுள்ள தும்பைக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது?

அது தும்பையே அல்ல, பார்த்தீனியம். கேரட் இலை போல் பிளவுபட்டிருப்பது தெரியவில்லையா? தும்பைக்குத் தண்டு நாற்கோணம், இலை குறுகி நீண்டது, எதிரெதிராக வரும். பார்த்தீனியம் பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோலில் அரிப்பு வரும்.

தும்பை வைத்தால் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுமா?

தேன் குடிக்க வரும். முட்டைக்கு எருக்கும் வையுங்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் இடும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. புழு இலையைத் தின்னத்தான் செய்யும், அதற்கும் மருந்து வேண்டாம்.

தொட்டியில் வளருமா?

வளரும். பத்து அங்குலத் தொட்டிக்கு மூன்று செடி. உரம் வேண்டாம்.