முதலில் மாடி ஏறுங்கள்

கேள்வி: மொட்டை மாடிக்கு நேர் கீழே, 600 சதுர அடியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம். ஏழு பேர். மதியத்துக்கு மேல் வெக்கை தாங்கவில்லை, ஏசியும் திணறுகிறது. ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். ஃபால்ஸ் சீலிங் போடலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சீலிங் போடுபவர் எனக்கு முன்னாலேயே வந்து அளவெடுத்துவிட்டார் போலிருக்கிறது! கொஞ்சம் பொறுங்கள். சீலிங்கும் ஓரளவு சூட்டைத் தடுக்கும்தான். ஆனால் அது மாடித் தளம் சூடேறிய பிறகு. வெயிலை மேலேயே திருப்பி அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். விரிசல் இருந்தால் அடைத்துவிட்டு, மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதியுங்கள். வாடகைக் கட்டடமா? உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள். மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் முதல் அலுவலகத்தில் அழகுக்காக சீலிங்கை இறக்கினேன். ஃபேன் கம்பியைக் குட்டையாக வெட்ட வேண்டியதாயிற்று. காற்றே கீழே வரவில்லை. மூன்றாவது மாதம் பிரித்துப் போட்டேன்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடாதீர்கள். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் அறைக்குள்தான் தங்கும். வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். கம்ப்யூட்டர் திரைகளுக்குப் பக்கவாட்டில் ஜன்னல் இருக்கட்டும், கண் கூசாது.

அப்புறம், ஆடிட்டர் அலுவலகம் என்றால் பழைய கோப்பு மூட்டைகள் இல்லாமலா இருக்கும்? கம்பெனிக் கணக்குகளை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதற்கும் பழையவற்றைக் வாடிக்கையாளர்களிடமே கொடுத்துவிடுங்கள். பாதி அறை காலியாகும். மீதிப் பணத்தில் ஏழு நல்ல நாற்காலிகள் வாங்குங்கள்.