வயதானவர்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று ஏன் மாத்திரைக்கு அடங்குவதில்லை?

கேள்வி கேட்டவரின் அம்மாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. ஒரே வருஷத்தில் நாலாவது தடவையாக யூரின் இன்ஃபெக்‌ஷன். கல்ச்சர் ரிப்போர்ட்டில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் டெஸ்ட்) பாதி மருந்து வேலை செய்யாது என்று வந்திருக்கிறது, ஏன் என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வருஷம் யூராலஜி ஓ.பி. வாசலில் உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு முதலில் நீர்க்கடுப்பு வந்தபோது, சூடு என்று சொல்லி அம்மா கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினார். அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கெடுத்தது நான்தான். ஃபிரிட்ஜ் மேலே ஒரு பிஸ்கட் டப்பாவில் வீட்டு மருந்தெல்லாம் கிடக்கும். அதில் எப்போதோ மிஞ்சிய சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. மூன்று மாத்திரையில் எரிச்சல் நின்றது, மீதி திரும்ப டப்பாவுக்குப் போனது. அடுத்த தடவை தீர்ந்துபோன அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கினேன். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் சிறுநீர் அடைத்துக்கொண்டு அட்மிட் ஆனார். சிறுநீர் வடிய டியூப் (கதீட்டர்) போட்டார்கள். அடுத்த மாதம் எடுத்த கல்ச்சரில் ஈ.கோலை கிருமி, இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ், அதாவது பல ஆன்டிபயாடிக்குகளை உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கிற வகை. மருந்துப் பெயர்களுக்கு நேராக வரிசையாக 'ஆர்', 'ஆர்' என்று இருந்தது. ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது.

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு நாலு கேள்வி கேட்டார். ஆறு மாசத்தில் என்னென்ன ஆன்டிபயாடிக் போட்டார்? ஆஸ்பத்திரியில் தங்கினாரா? டியூப் இருந்ததா? பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கிறதா? நீங்கள் கேட்பதற்குப் பெரும்பாலான பதில் இந்த நாலில் இருக்கிறது. முன்பே ஒருமுறை இப்படிப்பட்ட கிருமி வந்திருந்தால், அடுத்த தொற்றும் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகமாம்.

முதல் கேள்விக்கு நான் சிப்ரோவை மட்டும்தான் சொன்னேன். தொண்டை வலிக்குப் போட்ட செஃபிக்ஸிமும் கணக்கில் வரும் என்றார். எனக்கு அது புதுசு. ஈ.கோலையின் சொந்த வீடு நம் குடல். எந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டாலும் குடலில் இருக்கிற சாது கிருமிகள் செத்து, மருந்துக்கு அசராதவை பெருகிவிடும். அடுத்த தடவை சிறுநீர்ப் பாதையில் ஏறுவது அந்தக் கூட்டம்தான். செஃபிக்ஸிம் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த ஹெச்1 பட்டியலில் இருக்கிற மருந்து. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, தனி ரெஜிஸ்டரில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறை உங்களுக்கே தெரியும்.

டியூப் விஷயம். அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சேர்ந்துவிடும். டியூபின் உள்சுவரில் கிருமிகள் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும், மருந்து அதைத் தாண்டிப் போவது கஷ்டம். டிஸ்சார்ஜ் அன்று அப்பாவை ஆட்டோவில் ஏற்றி, சிந்திவிடக்கூடாதே என்று சிறுநீர் சேரும் பையை அவர் மடிமேலேயே வைத்துக்கொண்டு வந்தோம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் பையில் இருப்பது உள்ளே திரும்பும் என்று பிறகுதான் ஒரு நர்ஸ் சொன்னார்.

சர்க்கரை, பிராஸ்டேட் வீக்கம், சிறுநீர் போன பிறகும் உடம்புக்குள் சிறுநீர்ப்பையில் நீர் தங்குவது இதெல்லாம் தொற்றைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும். திரும்ப வந்தால் திரும்ப மருந்து, அப்புறம் மேலே சொன்ன கதைதான். உங்கள் அம்மாவுக்கு, மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புறுப்பில் காவல் இருக்கும் நல்ல கிருமிகளும் குறைந்திருக்கும். அதற்கு உள்ளே தடவும் க்ரீம் இருக்கிறது. கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் செக்கப்பில் 'பஸ் செல்ஸ்' (சீழ் அணுக்கள்) என்று வந்ததற்காக மாத்திரை ஆரம்பிக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். புராஸ்டேட் ஆபரேஷன் மாதிரி சில சமயம் தவிர, அதற்கு மருந்து வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்படி வீணாக இரண்டு கோர்ஸ் போயிருக்கிறது. நிஜமாகவே தொந்தரவு இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்னாலேயே கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

அப்பாவுக்குக் கடைசியில், இப்படி மாத்திரைக்கு அடங்காத கிருமிக்குப் போடும் எர்டாபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, தினம் ஒன்றாகப் பத்து நாள். அந்தத் தடவை அவருக்கு ஜுரம் 100-ஐக்கூடத் தாண்டவில்லை. என்னைப் பார்த்து அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். உங்கள் அம்மா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, குளிரில் நடுங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கூட்டிப் போய்விடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.