போர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளியில் கூட்டிப்போவதால் பிள்ளைகள் உண்மையிலேயே வரலாறு கற்றுக்கொள்கிறார்களா?

உங்கள் மகள், 1942இல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த இடமும் இப்போது அருங்காட்சியகமுமான புக்கிட் தீமா பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் பள்ளியிலிருந்து போய்வந்து, என்ன பார்த்தாய் என்று கேட்டால் "ஒரு மேசை பார்த்தோம்" என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியை, அதே இடத்துக்கு ஒரு காலத்தில் மாணவியாகவும் போயிருக்கிறேன். என் பதில், கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் சரணடைவு கையெழுத்தான அந்த மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விட்டால்தான்.

நான் போனபோது கையில் ஒரு பயிற்சித்தாள் கொடுத்துவிட்டார்கள். சரணடைந்த நாள் எது? 15 பிப்ரவரி 1942. பிரிட்டிஷ் தளபதி யார்? பெர்சிவல். ஜப்பானியத் தளபதி? யாமாஷித்தா. விடை எந்தப் பலகையில் இருக்கிறது என்று தேடி ஓடுவதும், எழுதியதும் அடுத்த பலகைக்கு ஓடுவதுமாக ஒரு மணி நேரம் போய்விட்டது. எங்கள் குழுவில் ஒருவர்கூட எந்தப் பொருளையும் நின்று பார்க்கவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்.

அதனால் இப்போது என் மாணவர்களுக்குத் தாளே கிடையாது, ஒரே ஒரு கேள்விதான்: சிங்கப்பூரில் 80,000 பேருக்கு மேல் இருந்த படை, தன்னைவிட மிகச் சிறிய படையிடம் ஏன் சரணடைந்தது? பாடப்புத்தகத்தில் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் புக்கிட் தீமாவில் நின்று யோசிக்கும்போது அவை வேறு மாதிரி புரியும், ஏனென்றால் உணவுக் கிடங்கும் வெடிமருந்துக் கிடங்கும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தன, நீர்த்தேக்கங்களும் பக்கத்திலேயே இருந்தன, அந்த மேட்டுப்பகுதி கைவிட்டுப் போனதும் கீழே நகரத்தில் லட்சக்கணக்கான மக்கள் குண்டுவீச்சுக்கு நடுவே குடிநீர் இல்லாமல் தவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் சொன்னான், "டீச்சர், அப்படின்னா தண்ணிதான் தோத்துச்சு." முழுக் காரணம் அதுவல்ல, ஆனால் அவனாகவே கண்டுபிடித்தது.

அப்புறம் அந்த மேசை. அது நகல்தான், அசல் ஆஸ்திரேலியாவில் கான்பராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் வாடிவிடும். உடனே, நம் ஊர் மேசை ஏன் அங்கே போனது என்று யாராவது கேட்பார்கள், அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். இங்கே ஜப்பானியரிடம் பிடிபட்ட படைவீரர்களில் சுமார் 15,000 பேர் ஆஸ்திரேலியர்கள். அவர்களுக்கும் இது வீட்டுக்கதை.

வீட்டுக்கதை என்றேன் அல்லவா, எனக்கு முக்கியமே அதுதான். போவதற்கு ஒரு வாரம் முன்பே, ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுவரச் சொல்வேன். அரிசிக்குப் பதிலாகச் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு கட்டாயம் வரும். ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு வரும், ஒருமுறை ஒரு மாணவன் நோட்டையே எடுத்து வந்துவிட்டான். கடிகாரத்தை தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்தது வரும். ஆனால் சீனப் பிள்ளைகள் சிலர் கொண்டுவரும் கதை வேறு. ஜப்பானியர் சீனர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற சூக் சிங் களையெடுப்பில் கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத கொள்ளுத்தாத்தாக்கள் அவர்கள் வீடுகளில் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தி, 1943இல் நேதாஜி இங்கே வந்தபோது தன் கொள்ளுப்பாட்டி, இந்திய விடுதலைக்காக ஜப்பானோடு சேர்ந்து நின்ற அவருடைய இந்தியத் தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததாகப் பெருமையோடு சொன்னாள். அடுத்த பெஞ்சில் இருந்தவள், மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து, ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தன் தாத்தாவின் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவரும் திரும்பி வரவில்லை.

ஒருவருக்கு ஜப்பான் விடுதலைக்குத் துணை நின்ற நாடு, இன்னொருவருக்கு அப்பாவைக் கொண்டுபோன நாடு. இரண்டும் அதே வருடங்களில், அதே தமிழர்களுக்கு நடந்தவை. வகுப்பு அமைதியாகிவிட்டது. யார் சொன்னது சரி என்று என்னைப் பார்த்தார்கள். இரண்டும் நடந்தது என்று மட்டும் சொன்னேன், அந்த நேரத்தில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் கெடுத்திருப்பேன். இந்தக் கதைகளோடு போனதால்தான் காட்சிக்கூடத்தில் அவர்கள் ஓடவில்லை, தங்கள் வீட்டு ஆளைத் தேடுவது போல ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்கள்.

பிறகு கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனோம். கல்லறை இல்லாமல் போன 24,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன, இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் நிறைய உண்டு. சயாம் கதை சொன்ன மாணவி வெகுநேரம் தேடிவிட்டு வந்து, தன் கொள்ளுத்தாத்தா பெயர் இல்லை என்றாள். இது படையில் இருந்தவர்களுக்கான இடம், அவர் கூலியாகப் போனவர், அந்தப் பாதையில் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் அந்தக் கூலிகள்தான் என்று சொன்னேன். அவள் எதுவும் பேசாமல் நோட்டைத் திறந்து அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

அதனால் உங்கள் மகளிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். அந்த மேசை பற்றியே பேசுங்கள், அசல் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால், அவர்கள் தங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்டதை அவளிடம் சொல்லட்டும். அப்புறம் ஒரு சனிக்கிழமை, நீங்களும் அவளும் மட்டும் திரும்ப ஒருமுறை போய்வாருங்கள்.